கோரின் வெப்பத்தை அளந்து பொதுவில் வைத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் வாகனங்களையும் சூரிய மின்சாரத்தையும் பற்றி வரும் கட்டுரைகள் பேட்டரியையும் சிலிக்கான் சில்லையும் விரிவாகப் பேசுகின்றன. சார்ஜரிலும் இன்வெர்ட்டரிலும் இடத்தையும் எடையையும் பெருமளவு எடுத்துக்கொள்ளும், கோர் என்னும் காந்தப் பொருளின் மேல் கம்பி சுற்றிச் செய்யப்படும் சோக்கும் டிரான்ஸ்பார்மரும் அவற்றில் இடம்பெறுவது அரிது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கோவையில் இவற்றைச் சுற்றித் தரும் சிறு பட்டறையை நடத்திவருபவன் என்ற முறையில், இத்துறையின் ஆராய்ச்சி ஒன்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்பார்மர் இயங்க, தகடு அடுக்கிய கனத்த இரும்புக் கோர் வேண்டும். அதே திறனை 100 கிலோஹெர்ட்ஸில் கடத்தினால் கைக்குள் அடங்கும் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான் போன்ற காந்தப் பொருள்) கோரே போதும். அந்த வேகத்தில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஒதுங்கிவிடுவதால், மெல்லிய எனாமல் கம்பிகள் பலவற்றை முறுக்கிய லிட்ஸ் கம்பியைச் சுற்றுகிறோம். கம்பியின் இழப்பை, அதாவது அதில் வெப்பமாக வீணாகும் ஆற்றலை, கணக்கிட வழி உண்டு. கோரின் இழப்புதான் பிடிபடாதது.

சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1892இல், காந்தப்புலம் திசை மாறும்போதெல்லாம் இரும்பில் நேரும் ஹிஸ்டரிசிஸ் இழப்பு காந்தப்பாய அடர்த்தியின் 1.6ஆம் அடுக்கைப் பின்பற்றி வளர்வதை அளவீடுகளிலிருந்து கண்டறிந்தார். கோர் தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்கள் இன்றும் பெரும்பாலும் சைன் அலைக்கான இழப்பையே தருகின்றன. எங்கள் சோக்கின் மீது விழுவதோ சதுர அலை மின்னழுத்தம், அதோடு இடைவிடாத நேர்மின்னோட்டம். சைன் அல்லாத அலைகளுக்கென அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட, ஸ்டைன்மெட்ஸ் சமன்பாட்டின் மேம்பட்ட வடிவமும் நேர்மின்னோட்டத்தின் விளைவைக் கணக்கில் கொள்ளவில்லை. தாளை நம்பிச் சுற்றிய சோக்குகள் வாடிக்கையாளரின் பெட்டிக்குள் கைவைக்க முடியாதபடி சுட்டதால், ஒரு தொகுதி முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்றிக் கொடுத்த மாதத்தை நான் மறக்கவில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மின்ஜி சென் குழுவினர், டார்ட்மவுத்தின் சார்லஸ் சல்லிவனுடன் இணைந்து உருவாக்கிய 'மேக்நெட்' என்ற ஆராய்ச்சித் திட்டம் இந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே கோரில் தனித்தனியாக இரண்டு கம்பிச் சுற்றுகள்: ஒன்றில் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது, மற்றதில் மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. இவ்விரண்டின் அலைகளும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக விலகும் அளவான கட்டக் கோணத்தில் மிகச் சிறிய பிழை நேர்ந்தாலும் இழப்பின் மதிப்பு பெரிதும் தவறிவிடும். அத்தகைய அளவீட்டைப் பல ஃபெரைட் வகைகளுக்கும், அலைவடிவம், அதிர்வெண், வெப்பநிலை, நேர்மின்னோட்டம் ஆகியவற்றை மாற்றி மாற்றித் தானியங்கி முறையில் எடுத்து, அத்தரவைக் கொண்டு, தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி மாதிரிகளான நரம்பியல் வலையமைப்புகளைப் பயிற்றுவித்தார்கள். தரவு முழுவதையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்ததோடு, 2023இல் மாணவர் குழுக்களுக்கு அதை ஒட்டி ஒரு போட்டியும் நடத்தினார்கள். என்னைப் போன்ற சிறு பட்டறைக்காரருக்கு வலையமைப்பைக் காட்டிலும் அந்தத் திறந்த தரவே பெரிய உதவி.

ஆயினும் நம் சந்தையில் கிடைக்கும் கோர்கள் எல்லாம் அதில் இல்லை. மின்னணுவியல் ஆய்வகம் உள்ள நம் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டமாக இந்த அளவீட்டை எடுத்துக்கொண்டு முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி முன்வரும் கல்லூரிக்கு, என்னிடம் இருக்கும் கோர்களில் வகைக்கு ஐந்து வீதம், இரண்டு சுற்றுகளும் சுற்றி விலையின்றித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
டிரான்ஸ்பார்மர் பட்டறை உரிமையாளர்,
கோயம்புத்தூர்.