சுவடி நூலகத்தில் பதிப்பு வேலைக்குச் சேரும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

சுவடி நூலகத்தின் பதிப்புப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சித்தி சொன்னார். "எழுத்துப்பிழை பார்க்கிற வேலையாம்" என்றபோது குரலில் சின்ன வருத்தம். நீயும் அப்படி நினைத்துக்கொண்டு போய் உட்காரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நூற்கடல் தி.வே. கோபாலையரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1926இல் பிறந்தவர். திருவையாறு அரசர் கல்லூரியில் ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். அங்கிருந்து சில மைல் தூரத்தில், தஞ்சை அரண்மனைக்குள், சரசுவதி மகால் நூலகம். நாயக்கர் காலத்தில் தொடங்கி இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகிய சுவடித் தொகுதி அது. அந்த நூலகத்துக்காக 1970களில் இலக்கண விளக்கம், இலக்கணக்கொத்து, பிரயோக விவேகம் என்ற மூன்று இலக்கண நூல்களையும் அவர் பதிப்பித்தார்.

இலக்கண விளக்கத்தைச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1889இலேயே அச்சேற்றிவிட்டார். பிறகு எதற்கு இன்னொரு பதிப்பு? கோபாலையர் பதிப்பைப் பிரித்துப் பார். நூற்பா (இலக்கண விதியைச் சொல்லும் சூத்திரம்), உரை, அதன் கீழே அவருடைய விளக்கம், அதற்கும் கீழே 'ஒத்த நூற்பாக்கள்'. அதே கருத்தைத் தொல்காப்பியர் எப்படிச் சொன்னார், நன்னூலார் எப்படிச் சுருக்கினார் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் இந்த நூலை இயற்றிய திருவாரூர் வைத்தியநாத தேசிகர் எதை எங்கிருந்து எடுத்தார், எங்கே விலகினார் என்பது கண்ணுக்குத் தெரியும். சிவஞான முனிவர் 'சூறாவளி' என்றே பெயர் வைத்துத் தனி நூல் எழுதி மறுத்த நூல் இது. அந்த வழக்கின் இரண்டு பக்கமும் தெரியாதவர் இதைப் பதிப்பிக்க முடியாது. பிரயோக விவேகமோ காரகம் (வேற்றுமை உறவு), சமாசம் (தொகைச்சொல்), தத்திதம் (பெயரிலிருந்து பிறக்கும் சொல்) என்று வடமொழி இலக்கணத்தைக் கொண்டு தமிழை விளக்குவது. இரண்டு மரபிலும் கால் ஊன்றியவருக்கே அது வழிவிடும். வாத்தியார் வாய்க்காத ஒருவர், ஏதோ ஒரு ஊரில் தனியாக உட்கார்ந்து இந்த நூலைத் திறப்பார் என்று நினைத்தே அவர் உழைத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

இனி உன் மேசைக்கு வருவோம். ஓலை ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்புதான். ஆகவே கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவம் வரிசையாக வந்தால் அது கொ, கோ, கெர, கேர, கெர், கேர் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். எதுவென்று ஏடு சொல்லாது. எதுகையும் தளையும் (சீர்கள் இணையும் யாப்பு முறை) சொல்லும், பழைய உரைகாரர் எடுத்தாண்ட மேற்கோள் சொல்லும், நீ மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஆயிரம் பாட்டு சொல்லும். ஒரே இடத்தில் இரண்டு ஏடுகள் இரண்டு பாடம், அதாவது வெவ்வேறு சொல்வடிவம், தந்தால், ஒன்றை மூலத்தில் வைத்து மற்றதை அடிக்குறிப்பில் மறக்காமல் போடு. உனக்குப் பொருள் விளங்கவில்லை என்பதற்காக ஒரு பாடத்தை விட்டுவிடாதே. நாளை ஒருவருக்கு அது விளங்கும். எந்த ஏட்டிலும் இல்லாமல் நீயாகத் திருத்துவதாக இருந்தால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடு. இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். சொல்லாமல் திருத்திய பதிப்பைப் படிக்கிறவர், புலவர் எழுதியது எது, பதிப்பித்தவர் எழுதியது எது என்று காலத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டார்.

திருவையாற்றுக்குப் பிறகு கோபாலையர் புதுச்சேரிக்குப் போனார். தூர கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியில் நெடுங்காலம் பணி. பிரெஞ்சுத் தமிழறிஞர் பிரான்சுவா குரோ மேற்பார்வையில் அவர் பதிப்பித்த தேவாரத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. 1984இல் சம்பந்தர், 1985இல் அப்பரும் சுந்தரரும், 1991இல் ஆய்வுத்துணையாக மூன்றாம் தொகுதி. பாரிசிலிருந்து வந்தவர்களும் அவரிடம் உட்கார்ந்து வரி வரியாகப் பாடம் கேட்டார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் பழைய உரையான சேனாவரையத்தைப் பிரெஞ்சில் தந்த ழான்-லுய்க் செவியார் அவர்களில் ஒருவர்.

இதே தேவாரம் முழுவதையும் வி.மு. சுப்பிரமணிய ஐயர் புதுச்சேரியில் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்துவிட்டு 1981இல் காலமானார். அது முழுசாக வெளியே வந்தது 2007இல், மின்தேவாரம் என்ற குறுவட்டில் (சி.டி.). பதிப்புத் துறையில் காத்திருப்பு இப்படியும் இருக்கும். தெரிந்தே போ.

கோபாலையர் தம் எண்பதாவது வயதை ஒட்டி, 2005இல், தமிழ் இலக்கணப் பேரகராதியைப் பதினேழு தொகுதிகளாகத் தந்தார். 2007 ஏப்ரலில் மறைந்தார். அந்த அகராதியில் ஒரு சொல்லைத் தேடிப்போனால் நான்கைந்து நூல்களின் கருத்து வரிசையாக வந்து நிற்கும். வாழ்நாள் முழுக்கப் படித்தும் பாடம் சொல்லியும் சேர்த்தது அது. எத்தனை முறை அதைப் புரட்டினாலும் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது. சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

சேர்ந்ததும் உன்னிடம் முதலில் அச்சுப்படிதான் தருவார்கள். மூலத்தோடு ஒப்பிட்டு, வாய்விட்டுப் படித்துத் திருத்து. யாப்பு தட்டுகிற இடம் காதில் விழும். மாலையில் ஏடு படிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது நூலகத்தில் இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார். நூல்களில் பிரயோக விவேகத்தின் காரகப் படலத்திலிருந்து தொடங்கு. தடுக்கும் இடங்களைக் குறித்து வை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொண்டு வா, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்