செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரே படம், ஐந்து கூட்டங்கள்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மழையையும் பாராமல் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருக்கும் மன்ற அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் மாதம் ஒரு படம் என்று தீர்மானம் எடுத்தோம். அது நிறைவேறவில்லை. முதல் இரண்டு மாதமும் திட்டப்படி நடந்தன. மார்ச் மாதம் கிறிஸ்டோபர் நோலனின் 'இன்செப்ஷன்' படத்தைத் திரையிட்டோம். 2010இல் வந்த படம், 148 நிமிடம். அன்று இரவு மண்டபத்தைப் பூட்ட வந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணிநேரம் நின்றார், ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த மாதமும் அதையே பேசினோம், அதற்கடுத்த மாதமும் அதையே. மொத்தம் ஐந்து கூட்டங்கள். வேறு படங்கள் தள்ளிப்போனதைச் சில உறுப்பினர்கள் குறையாகச் சொன்னார்கள், அது நியாயமான குறைதான். ஆனாலும் மன்றத்தின் நல்ல ஆண்டு இதுவென்றே நான் நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் இந்த அறிக்கையில் பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களின் கனவுக்குள் புகுந்து இரகசியம் திருடுபவன் கொப். லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த பாத்திரம். அவனுக்கு இம்முறை கிடைக்கும் வேலை நேர்மாறானது. ஒரு பெரும் பணக்காரரின் மகனுடைய மனதில் ஓர் எண்ணத்தை விதைத்துவிட்டு வர வேண்டும். அதுவும் அந்த எண்ணம் தனக்கே தோன்றியது என்று அவன் நம்ப வேண்டும். அதற்காகக் கனவு, கனவுக்குள் கனவு, அதற்குள்ளும் ஒரு கனவு என்று ஒரு குழுவே இறங்குகிறது. வேலையை முடித்தால் கொப் தன் பிள்ளைகளிடம் வீடு திரும்பலாம். அவன் மனைவி மால் இறந்துவிட்டாள், ஆனால் அவன் நினைவிலிருந்து கனவுகளுக்குள் வந்துகொண்டே இருக்கிறாள்.

இதைத் தமிழில் பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். திரையிடலுக்கு முந்திய ஞாயிறு நாலு பேர் கூடிச் சொற்பட்டியல் ஒன்று தயாரித்தோம். படத்தின் தலைப்புக்கு 'எண்ண விதைப்பு' என்று வைத்தோம். கனவா நனவா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் பையில் வைத்திருக்கும் சின்னப் பொருளுக்கு 'உறுதிப்பொருள்'. தூங்குபவரை விழுத்தி எழுப்புவதற்கு 'உலுக்கல்'. கனவுகளின் அடிமட்டத்தில் இருக்கும், படத்தில் 'லிம்போ' என்கிற அந்த எல்லையில்லாத வெளிக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. 'திரிசங்கு' என்று ரீச்சர் ஒருவர் சொன்னதும் எல்லோரும் பேனையை எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் அது திரிசங்குதான்.

திரையிடல் நாளில் நடந்த ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். எங்கள் மண்டபத்தின் பின்பக்கம் கடல், இடையில் கரையோர ரயில் பாதை. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், பேச்சாளர் நிறுத்திக் காத்திருப்பார், அது எங்களுக்குப் பழக்கம். படத்தில் கொப்பும் அவன் மனைவி மாலும் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்திருக்கும் காட்சி வந்தது. திரையில் தண்டவாளம் அதிரத் தொடங்கவும் வெளியே பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வரவும் சரியாக இருந்தது. ஜன்னல் அதிர்ந்தது, கதிரை அதிர்ந்தது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டது. எந்தச் சத்தம் படத்தினுடையது, எது எங்களுடையது என்று பிரிக்க முடியவில்லை. ரயில் போன பிறகும் மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

முதல் விவாதம் எதைப் பற்றி என்று சொல்லத் தேவையில்லை. கடைசிக் காட்சியில் கொப் தன் உறுதிப்பொருளாக மேசையில் சுழற்றிவிடும் பம்பரம் விழுந்ததா, இல்லையா? விழுந்தால் நனவு, விழாவிட்டால் கனவு. விழும் என்றவர்கள் வலப்பக்கமும் விழாது என்றவர்கள் இடப்பக்கமும் போய் உட்கார்ந்தார்கள். நான் வலப்பக்கம். படம் இருளுவதற்கு முதல் பம்பரம் இலேசாகத் தள்ளாடுகிறது, காதைத் தீட்டினால் சத்தமும் மாறுகிறது. கொப்பின் திருமண மோதிரத்தைக் கவனித்து வந்தவர் எங்கள் பம்பலப்பிட்டி உறுப்பினர். கனவுகளில் மோதிரம் விரலில் இருக்கிறது, விழித்திருக்கும்போது இல்லை, கடைசிக் காட்சியில் இல்லவே இல்லை என்று நேரக் குறிப்புகளோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் அதே உடுப்பில் இருக்கிறார்களே என்று இடப்பக்கத்தார் கேட்டார்கள். பெயர்ப்பட்டியலை நிறுத்திக் காட்டினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வயதில் இரண்டு நடிகர்கள், உடுப்பும் ஒன்றல்ல என்று ஆடை வடிவமைப்பாளரே சொல்லியிருக்கிறார். மாமனாராக நடித்த மைக்கல் கெயின், தான் வரும் காட்சியெல்லாம் நனவு என்று நோலன் தன்னிடம் சொன்னதாக ஒருமுறை கூறினார். அந்தக் கடைசிக் காட்சியில் அவரும் இருக்கிறார்.

அப்படியானால் அந்தப் பம்பரம் கொப்புடையதே இல்லையே, அது மாலுடைய உறுதிப்பொருள் அல்லவா, அவனுக்கு அது எதை உறுதிப்படுத்தும் என்று இடப்பக்கத்தில் ஓர் இளைஞர் கேட்டார். அதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

இரண்டாவது கூட்டம் கணக்கு. கணித ரீச்சர் வெண்பலகையில் போட்டுக் காட்டினார். சிட்னியிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானத்தில் குழு தூங்குவது 10 மணிநேரம். ஒவ்வொரு மட்டத்திலும் நேரம் 20 மடங்கு நீளுகிறது என்று எடுத்தால், முதல் கனவில் 200 மணிநேரம், அதாவது எட்டு நாளுக்குச் சற்று மேல். படத்தில் ஒரு வாரம் என்கிறார்கள். இரண்டாவதில் 4,000 மணிநேரம், ஐந்தரை மாதம். படத்தில் ஆறு மாதம். மூன்றாவதில் 80,000 மணிநேரம், ஒன்பது ஆண்டுக்கு மேல். படத்தில் பத்து ஆண்டு. "கணக்குப் பிழைக்கேல்லை, முழு எண்ணாக்கிச் சொல்லியிருக்கினம், அவ்வளவுதான்" என்றார் ரீச்சர். கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உடனே எழும்பினார் எங்கள் டொக்டர். வேகமான கண்ணசைவுத் தூக்கத்தைச் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் எழுதிவைத்தார்கள். பெரும்பாலான தெளிவான கனவுகள் அந்த நேரத்தில்தான் வருகின்றன. அப்போது உடம்பின் தசைகள் கட்டுண்டு கிடக்கும், கண் மட்டும் அசையும். கனவு காண்பது தெரிந்தே கனவு காண்பவர்களைக் கொண்டு ஸ்டீபன் லபேர்ஜ் என்பவர் சோதித்தார். கனவுக்குள் எண்ணத் தொடங்கும்போது ஒருமுறையும் முடிக்கும்போது ஒருமுறையும் கண்ணால் சைகை காட்டச் சொன்னார். விழித்திருக்கும்போது எண்ண எடுக்கும் நேரம்தான் கனவிலும் ஏறக்குறைய எடுத்தது. ஆகவே 20 மடங்கு என்பது நோலனின் கற்பனை. ரீச்சருக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் இப்படி ஒரு கூட்டத்தை நான் வேறெந்தப் படத்துக்கும் பார்த்ததில்லை.

இசை பற்றிய கூட்டத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். தூங்குபவர்களை எழுப்ப ஒலிக்கும் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் பாடலை ஒரு தம்பி கைத்தொலைபேசியில் மிக மெதுவாக ஓடவிட்டார். படத்தின் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரின் அந்தக் கனத்த ஊதுகுழல் இசை அதிலிருந்தே வெளியே வந்தது. மேல்மட்டத்தில் பாட்டாக இருப்பது கீழ்மட்டத்தில் முழக்கமாகக் கேட்கிறது! மாலாக நடித்த மரியோன் கொட்டியார் முன்பு அதே பியாஃபாக நடித்து ஒஸ்கார் வாங்கியவர் என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. படத்துக்குக் கிடைத்த நாலு ஒஸ்கார்களில் இரண்டு ஒலிக்கு. சுழலும் நடைகூடச் சண்டை கணினி வேலை அல்ல, இங்கிலாந்தில் கார்டிங்டன் என்ற இடத்து ஆகாயக்கப்பல் கொட்டகையில் நடைகூடத்தையே கட்டிச் சுழற்றினார்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

நாலாவது கூட்டத்தை நடத்தியவர்கள் மகளிர் அணியினர். அவர்கள் கேட்ட கேள்வி எங்களுக்கு மார்ச்சிலேயே தோன்றியிருக்க வேண்டும். மால் என்ற பெண்ணை நாங்கள் எங்கே பார்த்தோம்? படம் முழுக்க வருபவள் கொப்பின் நினைவில் உள்ள மால். கத்தியோடு வருகிறாள், குறுக்கே நிற்கிறாள். உயிரோடிருந்த பெண் என்ன நினைத்தாள் என்று சொல்ல ஒருவருமில்லை. அவள் மனதில் எண்ணத்தை விதைத்தவனும் அவன்தான், அவள் கதையைச் சொல்பவனும் அவன்தான். தன் நினைவிலுள்ள மால் உண்மையான மாலின் நிழல்தான், அவளுடைய நிறைகுறையெல்லாம் தன்னால் கற்பனை செய்ய முடியாது என்று கடைசியில் கொப்பே ஒப்புக்கொள்வதைச் சிலர் நினைவூட்டினார்கள். "ஒப்புக்கொண்டா போதுமோ?" என்று ஓர் அக்கா கேட்டார். அந்தக் கேள்வியைக் குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அன்று கொட்டாஞ்சேனை ஐயா ஒரு குறளைச் சொன்னார்: "நனவென ஒன்றில்லை யாயின் கனவினால் காதலர் நீங்கலர் மன்." விழிப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் கனவில் வந்தவர் பிரியவே மாட்டாரே. திரிசங்கில் தங்கிவிட நினைத்த மாலின் குரல் இதில் இருக்கிறது என்றார். சைவ சித்தாந்தம் சொல்லும் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்ற ஐந்து நிலைகளைப் படத்தின் விமானம், மூன்று கனவு, திரிசங்கு என்ற ஐந்தோடு பொருத்தவும் பார்த்தார். அந்த ஐந்தும் கனவுக்குள் கனவு அல்ல என்பதால் பொருத்தம் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது என்பது என் கருத்து. குறள் மட்டும் பொருந்தியது.

ஐந்தாவது கூட்டத்தில் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசினார். நாலு கூட்டமும் கடைசி வரிசையில் இருந்தவர், ஒரு வார்த்தை பேசாதவர். கனவைக் கட்டப் பழகும் பெண்ணுக்குக் கொப் சொல்லும் விதியை அவர் எடுத்துக்கொண்டார். நினைவிலிருந்து இடத்தைக் கட்டாதே, ஒரு தெருவிளக்கு, ஒரு தொலைபேசிக் கூண்டு எடுக்கலாம், முழு இடத்தையும் எடுக்காதே என்பது விதி.

"தம்பி, நான் 1990இல் வலிகாமம் வடக்கிலயிருந்து வெளிக்கிட்டனான். அண்டையிலயிருந்து எனக்குக் கனவெண்டா அந்த வீடுதான். புது வீடு ஒண்டும் வாறேல்லை. வாசல்ல மூண்டு படி. நடுப்படியின்ர ஓரம் உடைஞ்சது. அந்த உடைவில கால் படாமத்தான் ஏறுவன். கதவின்ர கொண்டியில கை வைக்கேக்கை முழிப்பு வரும்."

இராணுவத்தின் பிடியிலிருந்து காணி விடுபட்டபோது போய்ப் பார்த்திருக்கிறார். கிணறு மட்டும் இருந்ததாம். குசினி இருந்த இடத்தில் ஆலங்கன்று.

"பம்பரத்தை நான் சுத்திப் பாக்கமாட்டன். அந்தப் பெடியனும் பாக்கேல்லைத்தானே. சுத்திவிட்டிட்டுப் பிள்ளையளிட்டப் போயிட்டான்."

வலப்பக்கமும் இடப்பக்கமும் அன்று யாரும் வாதம் செய்யவில்லை. நோலனும் 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளிடம் இதையேதான் சொன்னார்: கொப்புக்கு அது இனி ஒரு பொருட்டில்லை. நான் அந்த உரையை முன்பே படித்தவன், ஆனால் அந்த மூத்த உறுப்பினர் உடைந்த படியைப் பற்றிச் சொல்லும்வரை எனக்கு அது விளங்கியிருக்கவில்லை. அடுத்த வாரம் அவர் அந்த வீட்டின் படத்தைக் கொப்பித் தாளில் வரைந்து கொண்டுவந்தார். படி, விறாந்தை, சாமியறை, கிணற்றடி எல்லாம் அளவோடு. அவருடைய அனுமதியோடு மன்றத்தின் கோப்பில் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் விரும்பியவர்கள் பார்க்கலாம், கையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

மற்ற அலுவல்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் மே மாதம் இடைவேளையில் அணைந்துபோனது, முற்பணம் இன்னும் திரும்பி வரவில்லை, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். சொந்தமாக ஒன்று வாங்க ஒரு நிதி தொடங்கும்படி செயற்குழு கேட்கிறது, சபை முடிவு சொல்ல வேண்டும். நிலுவைச் சந்தாவை இன்றே கட்டிவிடுங்கள். தேநீரும் ரோல்ஸும் தந்த உறுப்பினர்களுக்கும், சாவியோடு பொறுமையாக நின்ற மண்டபக் காவலர் அண்ணைக்கும் நன்றி.

புதிய ஆண்டின் முதல் படமாக சத்தோஷி கொன் 2006இல் எடுத்த 'பப்ரிகா' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. அதுவும் கனவுக்குள் புகும் கதைதான், ஆனால் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். சொற்பட்டியல் தயாரிக்க, திரையிடலுக்கு முந்திய ஞாயிறு மாலை நாலு மணிக்கு இங்கே கூடுவோம். திரிசங்குக்கு வேறு சொல் வைத்திருப்பவர்களும் வரலாம்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்