70-200 லென்ஸுக்கு ஓர் அறை

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு சுகர் குறைந்திருக்கிறது. பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. மற்றது அப்புறம்.

"தினம் தூக்க நல்ல கேமரா பை எதுப்பா" என்று கேட்டாய். அதோடு பத்து நாளாகப் பேச்சில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் சாமானைத் தரையில் பரப்பி அளவெடு. லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதே. 20 லிட்டர் என்று போட்டிருக்கும், உள்ளே ஆழம் 11 சென்டிமீட்டர்தான் இருக்கும். அடியில் பேட்டரி கிரிப் மாட்டிய கேமராவை வைத்தால் ஜிப் பிதுங்கும். ஆழம் 15 இருக்கட்டும். தூரத்துக்கான அந்த 70-200 லென்ஸ் மட்டுமே 20 சென்டிமீட்டர் நீளம், முன்பின் மூடியோடு 22 வரும். அதற்கு ஓர் அறை விட்டே பார்.

எடையைக் கூட்டிப் பார். கேமரா பாடி முக்கால் கிலோ, 24-70 லென்ஸ் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, 70-200 ஒன்றரை, லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு, தண்ணீர் ஒன்று. ஆறு கிலோ தாண்டிவிட்டது, பை இன்னும் கணக்கில் வரவில்லை. வெறும் பையே இரண்டு கிலோ என்றால் தொடாதே. கனமான லென்ஸ் முதுகை ஒட்டி இருக்கணும். வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும், நீ முன்னால் குனிவாய், கழுத்து பிடித்துக்கொள்ளும். நெஞ்சுப் பட்டை தோள்வார் நழுவாமல் இருக்கத்தான். சுமையைத் தாங்குவது இடுப்புப் பட்டை. சாமானைப் போட்டு, மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நடந்து பார்த்து வாங்கு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதுகுப் பக்கம் திறக்கிற பைதான் உனக்குச் சரி. ரயில் கூட்டத்தில் யாரும் கைவிட முடியாது. தேவனாம்பட்டினம் மணலில் படுக்கவைத்தாலும் முதுகில் மணல் ஒட்டாது. பக்கவாட்டில் திறக்கிற பையில் சட்டென்று எடுக்கலாம், ஆனால் ஜிப்பை மறந்து தோளில் சுழற்றினால் கேமரா ரோட்டில் கிடக்கும். ஜிப் இழுப்பான் இரண்டையும் எப்போதும் ஓர் ஓரத்துக்கே தள்ளி மூடு.

மழையில் துணி தாங்கும், தையலும் ஜிப்பும்தான் கசியும். மழையுறை முதுகுப் பக்கத்தை மூடாது, வண்டியில் போனால் காற்றில் கழன்றும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே ஒரு கெட்டி பிளாஸ்டிக் பை மடித்து வை.

ராத்திரி சாமானைப் பையிலேயே விடாதே. உள்ளே இருக்கிற மெத்தை ஃபோம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் லென்ஸில் ஃபங்கஸ், பூஞ்சை, வந்துவிடும். காற்றுப் புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு மீட்டர் வேண்டும். 40க்கும் 50க்கும் நடுவில் காட்டணும். ஆரஞ்சு ஜெல் பச்சையானால் வறுத்துக் காயவை. லென்ஸ் உன்னிடம் இருந்தாலும், வேறு யார் பீரோவில் இருந்தாலும், ஜெல்லோடு இருக்கட்டும். அவர்களுக்கும் சொல்லு.

நீ எடுத்த வளைகாப்புப் படத்தைக் கடை வாசலில் பெரிசாக மாட்டியிருக்கிறேன். யார் எடுத்தது என்று கேட்காத ஆள் இல்லை. உனக்குத்தான் ஒரு போன் போட நேரமில்லை.

மாசி மகத்துக்கு வந்தபோது பையை நான்தான் உள்ளே எடுத்து வைத்தேன். இலேசாக இருந்தது. உன் வலது தோள் இறங்கியிருந்ததையும் பார்த்தேன். அந்த ஒற்றைத்தோள் பை நான் கொடுத்தது, ஸ்டூடியோ மூலையில் கிடந்த பழசு. அன்றைக்கு என் கையில் பணம் இருந்தது பாப்பா. பொம்பளைப் பிள்ளை எத்தனை நாள் இந்த வேலை பார்க்கப்போகிறது, இதுக்கு இது போதும் என்று நினைத்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அம்மா கணக்கிலிருந்து கொஞ்சம் பணம் வரும். பைக்குத்தான் செலவழிக்கணும் என்றில்லை. வேறு எதையாவது முதலில் எடுக்க வேண்டியிருந்தால் எடு. தோளுக்கு ரெண்டு பக்கமும் பட்டை உள்ளதாகப் பார். அந்த 22 சென்டிமீட்டரை மறக்காதே.

அப்பா