இரண்டு கதவுள்ள அறைக்கு இன்னும் 1,58,500 ரூபாய்: ஊராட்சி ஆலோசனைக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்னை மீனாட்சி துணை

உள்ளூரிலும் வெளியூரிலும் வாழும் எம் ஊர் மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

பூட்டிக் கிடந்த பழைய ரேஷன் கடைக் கட்டடத்தைப் பெண்கள் பாதுகாப்புக்கான ஆலோசனை மையமாக மாற்றிக்கொள்ள மே 1 கிராம சபை தீர்மானம் போட்டுக் கொடுத்தது. அக்டோபர் 2 கிராம சபைக்குள் வேலை முடியாவிட்டால் கட்டடத்தைத் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே தீர்மானத்தில் உண்டு. மொத்த மதிப்பீடு 4,67,000 ரூபாய். கையில் சேர்ந்திருப்பது 3,08,500. துண்டு விழுவது 1,58,500. ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடியாக வேண்டும். ஆவணி தாண்டினால் வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்று கொத்தனார் சொல்லிவிட்டார்.

பொதுக் காரியத்துக்கு ஊர் கூடுவது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. கண்மாய்க் கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நின்றது நம் பாட்டன்மார் காலத்துக் குடிமராமத்து. மடைத் தண்ணீர் முறை வைத்து, கடைசி வயல்காரனுக்கும் பங்கு பிசகாமல் பார்த்துக்கொண்டார்கள் பெரியவர்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், முன்பின் தெரியாத வழிப்போக்கர்களுக்காகச் சாலை போட்டார், சத்திரம் கட்டினார். ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் நிற்கிறது. அதற்கும் முன்னால், ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்டு வந்த பெண்ணுக்கு அரண்மனை வாசல் திறந்ததும், தன் பிழை தெரிந்த கணத்தில் பாண்டியன் உயிர் விட்டதும் இந்த மண்ணில்தான். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில், ராத்திரி அடிபட்டு வெளியே வரும் பெண் விடியும்வரை கோயில் திண்ணையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பது நமக்கு அழகா? வழிப்போக்கருக்கு மங்கம்மாள் கொடுத்த இடத்தை நம் வீட்டுப் பெண்ணுக்கு ஓர் இரவு நாம் கொடுக்கக் கூடாதா?

ஆலோசனைக் குழு என்றதும் பழைய பஞ்சாயத்து நினைவு வருவதாகச் சிலர் சொன்னார்கள். இரண்டும் வேறு. மந்தையில் கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, அன்று மாலையே அவளை அதே வீட்டுக்கு அனுப்பிவைப்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. எதிரே கணவனும் மாமியாரும் இருக்கும்போது எந்தப் பெண்ணும் முழுதாகப் பேச மாட்டாள். அந்தத் தாளை மீறினால் தண்டிக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஊரைக் கூட்டியதற்கான கோபமும் அவள் மேல்தான் இறங்கும். இனி அவளைத் துன்புறுத்தக் கூடாது என்று நீதித்துறை நடுவர் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் கதை வேறு: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே எங்கள் குழு தீர்ப்புச் சொல்லாது. அவள் சம்மதம் இல்லாமல் கணவன் வீட்டாரைக் கூப்பிடாது. அவள் சொல்வதைத் தனியாகக் கேட்டு, என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லி, அவள் தேர்ந்தெடுக்கும் வாசல்வரை கூடவே போகும்.

குழுவில் 24 பேர். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுத் தலைவிகள், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், பள்ளி ஆசிரியைகள், ஓய்வுபெற்ற அலுவலர்கள். இவர்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சேலையை ஒதுக்கும்போது கைக்காயம் செவிலியர் கண்ணில்தான் முதலில் படும். பிள்ளை பள்ளியில் பேச்சு குறைந்து போவது ஆசிரியைக்குத் தெரியும். மகளிர் குழுத் தவணை தவறினாலும், உரிமைத் தொகை விழும் ஏ.டி.எம். அட்டை கணவன் சட்டைப்பையில் இருந்தாலும் குழுத் தலைவிக்குத் தெரியும். அடி விழுவதற்கு மாதக்கணக்கில் முன்பே இந்த அடையாளங்கள் வந்துவிடுகின்றன. சனிக்கிழமைக் கூலி, வாரக் கடன் தவணைக்கு முந்தின நாள், ஆடிச் சீர், தலை தீபாவளி நகைப் பேச்சு: தகராறு எந்த நாட்களில் முற்றும் என்பதும் ஊருக்குத் தெரிந்ததே. அந்த நாட்களுக்கு முன் ஒருமுறை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாலே அடங்கும் வீடுகள் உண்டு. தடுப்பு என்று நாங்கள் சொல்வது முதலில் இதைத்தான்.

பயிற்சிக்கு 28,000 ரூபாய் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: நல்ல மனசு மட்டும் இந்த வேலைக்குப் போதாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. மனைவி மட்டுமின்றி, தாய், மகள், சகோதரி, விதவை மருமகள் என்று ஒரே வீட்டில் உறவாக வாழும் பெண்களுக்கும் அது பொருந்தும். கையால் அடிப்பது மட்டுமின்றி, கேவலப்படுத்திப் பேசுவதும், சாப்பாட்டுக்குக் காசு தராமல் வைப்பதும், அவள் நகையை விற்பதும் வன்முறைதான். 'வீடு என் பெயரில் இருக்கிறது, வெளியே போ' என்று சொல்ல முடியாது. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டார்கூட, இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. இதை ஊரில் பத்துப் பேர் அறிந்திருந்தால் எத்தனை சன்னல்கள் சாத்தப்படாமல் இருக்கும்!

எழுதுவதிலும் பயிற்சி வேண்டும். 'கணவர் துன்புறுத்துகிறார்' என்ற ஒற்றை வரி மனு நீதிமன்றத்தில் நிற்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, எதனால் அடித்தார், உடம்பில் எங்கே, யார் பார்த்தார்கள் என்று அவள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். அதை வைத்துத்தான் பாதுகாப்பு அலுவலர் படிவம் 1இல் அறிக்கை தயாரிப்பார். மனு போட்டால் முதல் விசாரணையைச் சாதாரணமாக 3 நாளுக்குள் வைத்து, அன்றிலிருந்து 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆஸ்பத்திரியில் வெட்கப்பட்டு 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிட்டால் விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடும், பிறகு வக்கீல் தலையில் கைவைக்க வேண்டியதுதான். காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டு அதைப் பெற்றதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்புவது இன்னொரு தவறு. கூடவே ஒருத்தி போனால் இரண்டும் நடக்காது.

இனி கணக்கு. கூரை ஒழுக்கு அடைத்துப் பூச 96,000. தடுப்புச் சுவரும் பின்பக்கக் கதவும் 58,000. முன்கதவு அங்கன்வாடி முற்றத்தைப் பார்த்தது. பிள்ளையைக் கூப்பிட வந்தவள் போல யாரும் உள்ளே நுழையலாம். பின்கதவு சந்துக்கு, முன்னால் யாராவது குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டால் அந்த வழியே அவளை வெளியேற்றலாம். ஒரே கதவுள்ள அறை இந்த வேலைக்கு ஆபத்து, இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். கழிவறையும் தண்ணீர் வசதியும் 74,000. மின்சாரம், விசிறி, இன்வெர்ட்டர் 41,000. பூட்டுள்ள இரும்பு அலமாரி, மேசை, நாற்காலி, இரண்டு கட்டில் 37,000. பதிவேட்டில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. அலமாரிச் சாவி ஒருவரிடம் மட்டும். சந்துக்குச் சூரிய விளக்கு 18,000. ஜெராக்ஸ், பதிவேடு, போன் ரீசார்ஜ் 15,000.

ஓர் ஆண்டு ஆட்டோச் செலவு 48,000. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் அடி விழும் நேரத்துக்கு டவுன் பஸ் ஓடுவதில்லை. முதல் இரவுக்கான சாப்பாடு, பால், மருந்து 22,000. விடிந்ததும் மதுரையில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சேர்ப்போம்; அங்கே 5 நாள் வரை தங்கலாம். அவசரப் பை 20க்கு, ஒன்று 1,500 வீதம் 30,000. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை, நகை ரசீது இவற்றின் நகல்கள், ஒரு மாற்றுடை, நாப்கின், கொஞ்சம் சில்லறை, பட்டன் போன். பையை அவள் நம்பும் வேறு வீட்டில் வைப்போம். காகிதம் எடுக்கத் திரும்பிப் போய் மறுபடி அடிவாங்குவதைத் தடுக்கத்தான் இது.

இதுவரை கொடுத்தவர்களைக் கைகூப்பி வணங்குகிறோம். திருவிழா மிச்சத்திலிருந்து 50,000 தந்த கோயில் கமிட்டிப் பெரியவர்களே, அம்மன் காரியம் இதுதான் என்று நீங்கள் சொன்னபோது எங்களுக்குத் தெம்பு வந்தது. சிங்கப்பூர் தம்பிமார் 60,000. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டுக்கு நடுவே வசூல் செய்து 42,000 அனுப்பிய பிள்ளைகள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் குழுவுக்கு 1,000 வீதம் 31,000 கொடுத்த 31 மகளிர் குழுக்கள். ஓய்வூதியத்திலிருந்து 27,000 தந்த ஆசிரியர்கள், அலுவலர்கள். உண்டியல் உடைத்து 5,000 கொண்டுவந்த பள்ளிக் குழந்தைகள். செங்கலைக் காசு வாங்காமல் இறக்கிவிட்டுப் போன சூளைக்காரர். உங்கள் குலம் தழைக்கட்டும்.

தலைக்கட்டுக்கு 500 ரூபாய் என்று முடிவானது. 412 தலைக்கட்டில் 187 வீடு கொடுத்து 93,500 வந்தது. மீதி 225 வீடும் கொடுத்தால் 1,12,500; அதன்பின் வெளியூர் உறவுகளிடம் கேட்க வேண்டியது 46,000 மட்டுமே. காதுகுத்துக்கு வீடு தவறாமல் மொய் எழுதுகிற ஊர் இது. எழுதாத வீட்டை மறுவருசம் வரை பேசுகிற ஊரும்கூட. இந்த நோட்டில் மட்டும் 225 வரி வெறுமையாக இருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெள்ளாமை பொய்த்த வீடுகள் 100 ரூபாயோ ஒருநாள் சித்தாள் வேலையோ கொடுத்தாலும் முழு வரியாகவே எழுதிக்கொள்வோம்.

ஞாயிறுதோறும் காலை 7 முதல் 10 மணி வரை சாவடியில் வசூல். வீட்டுக்கு இருவராக வருவோம், ஒருவர் பெண். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். பெயர் வேண்டாதவர்களுக்கு 'ஊரார்' என்று ரசீது தரப்படும். மாதக் கணக்கு ஊராட்சிப் பலகையில் ஒட்டப்படும். மையம் திறக்கும்வரை அவசரத்துக்கு 181, உயிருக்கு ஆபத்தென்றால் 112, இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு.

பொருளாகத் தருவதானால் போர்வை, பாய், விசிறி, புது நைட்டி தாருங்கள். பழைய துணி மட்டும் வேண்டாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்குக் கிழிசல் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இங்ஙனம்,
ஊராட்சி ஆலோசனைக் குழுவினர்