மொகடிஷுவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

2017 ஒக்டோபர் 14ஆம் திகதி சோமாலியத் தலைநகர் மொகடிஷுவின் ஸோபே சந்தியில் லொறிக் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து, ரொறன்ரோவின் எற்றோபிக்கோவில் சோமாலியர் அதிகம் வாழும் டிக்சன் வீதி அடுக்குமாடிகளில் நாம் திரட்டிய உதவிப் பணத்தின் கணக்கு முடிந்துவிட்டது. சோமாலி மொழியிலும் ஆங்கிலத்திலும் நன்றி மடல்களைக் குழுவின் இளையவர்கள் எழுதிவிட்டார்கள். தமிழில் எழுதுவது என் பொறுப்பு. இதில் கை கொடுத்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்கு நன்றி சொல்வதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. அந்த நாட்களில் சோமாலிய மக்கள் எப்படி ஒன்றுகூடி நின்றார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். தமிழில் அது பதிவாக வேண்டும் என்பது என் ஆசை.

குண்டு வெடித்தது சனிக்கிழமை பிற்பகலில். இங்கே அப்போது காலை எட்டு மணி கடந்திருந்தது. நகரத்தின் மிக நெரிசலான சந்திகளில் ஒன்று அது. சபாரி ஹோட்டல் இடிந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற எரிபொருள் தாங்கி தீப்பற்றியது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் ஒன்றும் அந்தத் தீயில் அகப்பட்டது. மருத்துவப் படிப்பை முடித்திருந்த ஒரு மகளின் பட்டமளிப்பைக் காணப் பறந்து வந்த தந்தை, அவளுடைய அடக்கத்தில் நிற்க நேர்ந்தது. 160க்கும் அதிகமான உடல்களை அடையாளம் காண முடியாமல் அரசே அடக்கம் செய்தது. விசாரணைக் குழு கடைசியாகச் சொன்ன இறந்தோர் எண்ணிக்கை 587.

அன்று காலை எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குக் காத்து நின்ற ஒவ்வொருவர் காதிலும் தொலைபேசி இருந்தது. பேசியவர்கள் குறைவு. மறுமுனையில் எடுப்பார் இல்லை. 2009இல் வன்னியிலிருந்து அழைப்பு வராத வாரங்களைக் கடந்தவர்களுக்கு அந்த முகங்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

சோமாலியர்களிடையே ஒருவருக்குத் துன்பம் வந்தால் உறவினர் கூடிப் பணம் போடும் வழக்கம் மிகப் பழையது. காரான் என்பார்கள். மருத்துவச் செலவு, அடக்கம், வழக்கு, விபத்து எதுவானாலும் குலத்தின் பெரியவர் பெயர்ப் பட்டியலை எடுத்துவிடுவார். அந்தக் குலத்து ஆள் மினியாபொலிஸில் இருந்தாலும் நைரோபியில் இருந்தாலும் தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும். 1991இல் அரசு நொறுங்கிய பிறகு அந்த மக்களை உயிரோடு வைத்திருந்தவற்றில் இந்த வழக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அது குலத்தின் எல்லையைத் தாண்டுவது அரிது. நாடாளுமன்ற இருக்கைகளையே நான்கு பெரிய குலங்களுக்குச் சமமாகவும், மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து அதில் பாதியாகவும் பங்கிடும் 'நாலரை' முறை 2000ஆம் ஆண்டில் அங்கே வந்தது. தொண்ணூறுகளில் இதே காரான் பணம் துப்பாக்கிக்கும் போனது. இதை வெளியார் சொல்லிக் கேட்டவளல்ல நான். எங்கள் குழுவின் பெரியவரே முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, மறைக்காமல் சொன்னார். அந்தக் காலத்தில் தாம் கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்காமல் இருந்துவிட்டதாகவும், இந்த முறை ஒரே பட்டியல், ஒரே பெட்டி, குலம் எழுதும் இடமே இருக்கக்கூடாது என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “கணக்குப் புத்தகம் இந்தச் சகோதரியிடம் இருக்கட்டும். இவளுக்கு நம்முடைய எந்தக் குலமும் இல்லை” என்றார். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் நான் யார் வீட்டுப் பெண் என்று பார்த்தே பொறுப்புக் கொடுப்பார்கள். இங்கே நான் யாருக்கும் உறவில்லாதவள் என்பதாலேயே அந்தப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அந்த நம்பிக்கைக்கு என் முதல் நன்றி.

அந்தத் தீர்மானம் சுலபமாக நிலைக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை, கீழ்த்தளத்து மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் வந்து நல்ல தொகையொன்றை எண்ணி வைத்தார். வைத்துவிட்டு, இதில் எவ்வளவு தம்முடைய ஆட்களுக்குப் போய்ச் சேரும் என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய அத்தை மகன் அந்தச் சந்தியில் கடை வைத்திருந்தவன், அன்றுவரை கிடைக்கவில்லை. மேசையின் மறு ஓரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மூதாட்டி, நாங்கள் எல்லோரும் அயேயோ என்று கூப்பிடும் பாட்டி, கெட்டிலைக் கீழே வைத்தார். “மகனே, எரிந்துபோன கையில் குலம் எழுதியிருக்கிறதா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பணம் வைத்தவர் சிறிது நேரம் நின்றார். பிறகு பணத்தை என் பக்கம் தள்ளி, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேநீரை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரவு மண்டபத்தைப் பூட்டும்வரை அவர் போகவில்லை. அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகக் கதவு தட்டப் போனவர்களில் அவரும் ஒருவர். அவருக்கும் அயேயோவுக்கும் நன்றி.

பியர்சன் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டும் அண்ணன்மாருக்கு நன்றி. இரவு முழுவதும் ஓட்டிவிட்டு விடியற்காலையில் நேரே மண்டபத்துக்கு வந்து, அன்றைய வரும்படியைப் பிரிக்காமலே வைத்தவர்கள் அவர்கள். சீட்டுக் கட்டும் பெண்களுக்கு நன்றி. அயூத்தோ என்று அவர்கள் நடத்தும் சீட்டில் அந்த மாதம் தொகை விழ வேண்டியவர், மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காகக் காத்திருந்தவர். தன் முறையை அப்படியே குழுவுக்குக் கொடுத்தார். அடுத்த முறைக்கு உரியவர் தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். கல்லூரிக் கட்டணமும் தவறவில்லை. வாரக் கடைசியில் சம்பூசா பொரித்து விற்ற பிள்ளைகளுக்கும், அதைச் சொன்ன விலைக்கு மேலே கொடுத்து வாங்கியவர்களுக்கும் நன்றி.

பெட்டியைக் கல்லாவின் பக்கத்தில் வைக்க அனுமதித்த ஸ்காபுறோ தமிழ்க் கடைக்காரர்களுக்கு நன்றி. “இது எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் வேறொன்றும் கேட்காமல் பணம் போட்ட ஆச்சிமாருக்கு நன்றி. மூன்று பெட்டிகள் திரும்பி வந்தபோது அவற்றில் சில்லறையைவிடத் தாள்களே அதிகமாக இருந்தன.

சோமாலிலாந்தின் ஹர்கேய்சா நகரத்திலிருந்து வந்த குடும்பங்களை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 1988இல் மொகடிஷு அரசின் விமானங்களே அவர்களுடைய நகரத்தைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. 1991 முதல் சோமாலிலாந்து தனி நாடு என்பது அவர்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. அந்தக் கருத்தில் ஓர் அங்குலமும் விலகாமல்தான் அவர்கள் மண்டபத்துக்கு வந்தார்கள், பணம் கொடுத்தார்கள், இரவு நேர அழைப்புகளுக்குத் தொலைபேசியருகே உட்கார்ந்தார்கள். ஒற்றுமை என்றால் எல்லோரும் ஒரே கொடியின்கீழ் வந்துவிடுவது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொடியைப் பற்றிய சண்டையை அப்படியே வைத்துக்கொண்டு அடிபட்டவனைத் தூக்க ஓடிவந்தவர்களை நான் பார்த்தேன். கென்யாவிலிருந்தும் ஜிபூத்தியிலிருந்தும் வந்த சோமாலியரும் அப்படியே நின்றார்கள்.

பணம் திரட்டியதைவிட அதைக் கொண்டுசேர்த்தது பெரிய காரியம். அதைச் செய்தவர்கள் ஹவாலா கடைக்காரர்கள். இங்கே பணத்தைக் கட்டி, பெறுபவருடைய பெயரையும் தந்தை, பாட்டன் பெயர்களையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தால் போதும். வங்கிக் கணக்கென்று ஒன்றில்லாத ஒருவருக்கு அன்றைக்கே பணம் கிடைத்துவிடும். பலருக்கு அது நேரே கைத்தொலைபேசிக்குப் போனது. மொகடிஷுவில் ஹோர்முட் தொலைபேசி நிறுவனத்தின் ஈவிசி பிளஸ் என்ற பணமுறையில், கைத்தொலைபேசியிலிருந்தே மருந்துக் கடைக்காரருக்கும் டொலரிலேயே கொடுத்துவிடலாம். எங்கள் வீதிக் கடைக்காரர் உதவிப் பணத்துக்குத் தரகு எடுக்கவில்லை. கேட்காமலே விட்டுக்கொடுத்தார். அவருக்கு நன்றி.

அந்த வழி இன்று திறந்திருப்பதற்கு வேறு சிலருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்களில் பலருக்குத் தாம் எங்களுக்கு உதவியது தெரிந்திருக்காது. பயங்கரவாதத்துக்குப் பணம் போகும் என்ற அச்சத்தில் மேற்கத்திய வங்கிகள் ஹவாலா நிறுவனங்களின் கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடத் தொடங்கின. 2011 டிசம்பரில் மினசோட்டாவின் சன்ரைஸ் வங்கி அந்தக் கணக்குகளை மூடியது. 2013இல் பிரித்தானியாவில் பார்க்ளேஸ் வங்கி தானும் மூடப்போவதாக அறிவித்தது. 2015இல் கலிபோர்னியாவின் மெர்ச்சன்ட்ஸ் வங்கி நிறுத்தியது. வெளிநாட்டுச் சோமாலியர் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டொலர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அரிசியும் பள்ளிக் கட்டணமும் வாடகையும் அதில்தான் நடந்தன. மினியாபொலிஸில் தாய்மார் பதாகை ஏந்தி நின்றார்கள். லண்டனில் ஓட்ட வீரர் மோ ஃபாரா தன் பெயரைக் கொடுத்துக் குரல் எழுப்பினார். டஹாப்ஷில் என்ற ஹவாலா நிறுவனம் நீதிமன்றம் போய் பார்க்ளேஸுக்கு எதிராக 2013 நவம்பரில் இடைக்காலத் தடை வாங்கியது. கடிதம் எழுதிய, கையெழுத்துத் திரட்டிய, நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலக வாசலில் காத்திருந்த அத்தனை பேருக்கும் நன்றி. அன்று நீங்கள் ஓய்ந்திருந்தால் 2017இல் எங்கள் பணம் இந்த வீதியைத் தாண்டியிருக்காது.

மொகடிஷுவில் நின்றவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? ஆமின் அம்புலன்ஸ் என்ற இலவசச் சேவையைப் பல் வைத்தியர் அப்துல்காதிர் அப்திரஹ்மான் ஆதன் 2006இல் தொடங்கினார். காயப்பட்டவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவதைப் பார்க்கப் பொறுக்காமல் தொடங்கிய சேவை அது. அன்று தீ அணையும் முன்பே அவருடைய ஆட்கள் உள்ளே போனார்கள். அதன் பிறகும் நாள் கணக்கில் உடல்களை எடுத்தார்கள். நகரத்தில் அப்போது இரத்த வங்கி இருக்கவில்லை. வைத்தியசாலை வாசல்களில் மக்களே வரிசையில் நின்று கை நீட்டினார்கள். குர்மத்252 என்று சேர்ந்த இளைஞர்கள் காணாமற்போனவர்களின் பெயர்களைப் பதிவு செய்து, வைத்தியசாலை வைத்தியசாலையாகத் தேடினார்கள். 252 சோமாலியாவின் சர்வதேசத் தொலைபேசிக் குறியீடு. எங்கள் மண்டபத்திலிருந்து நாங்கள் அனுப்பிய பெயர்களையும் அவர்கள் தேடினார்கள். ‘உயிரோடு இருக்கிறார்’ என்று ஒரு பெயருக்குப் பதில் வந்தபோது மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. பதில் வராத பெயர்களின் உறவினர்களும் எழுந்தார்கள். கடும் காயம்பட்ட பலரை விமானத்தில் ஏற்றி வைத்தியம் பார்த்த துருக்கிக்கும், எர்டோவான் வைத்தியசாலையிலும் மதீனா வைத்தியசாலையிலும் தூங்காமல் வேலை செய்தவர்களுக்கும் நன்றி.

எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வேறு நகரங்களில் குண்டு வெடித்தால் உலகம் முழுவதும் விளக்கேற்றுகிறது, மொகடிஷுவுக்கு ஏன் இந்த மௌனம் என்று முதலில் கேட்டவர்கள் இங்கே பிறந்து, அந்த மண்ணை மிதித்தேயிராத பிள்ளைகள். ‘நானும் மொகடிஷு’ என்று அவர்கள் எழுதினார்கள், அழைத்தார்கள், செய்தி ஆசிரியர்களை விடாமல் கேட்டார்கள். ஒக்டோபர் 16 இரவு பாரிஸில் ஐஃபல் கோபுரம் விளக்கை அணைத்தது. 18ஆம் திகதி மொகடிஷுவில் ஆயிரக்கணக்கானோர் தலையில் சிவப்புத் துணி கட்டித் தெருவில் இறங்கியபோது, இங்கே இவர்களும் சிவப்புத் துணி கட்டிப் பள்ளிக்குப் போனார்கள்.

பணம் போன இடங்களைச் சொல்கிறேன். ஒரு பங்கு அம்புலன்ஸ் எரிபொருளுக்கும் மருந்துக்கும் போனது. பெரும்பங்கு உழைப்பவரை இழந்த குடும்பங்களின் வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் போனது. மீதம் கால் இழந்தவர்களின் தொடர் சிகிச்சைக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. பற்றுச்சீட்டுகளோடு முழுக் கணக்கும் கீழ்த்தளத்து மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. கடைகளில் பெட்டி வைத்தவர்களுக்குத் தனித்தனிச் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு மாலையில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். அயேயோவின் தேநீரும் இருக்கும்.

நன்றியுடன்,
கணக்குப் புத்தகம் வைத்திருந்தவள்,
டிக்சன் வீதி உதவிக் குழுவுக்காக,
எற்றோபிக்கோ, ரொறன்ரோ