பல்பை அமுக்கிப் பார்

சிறுமுகை,
ஞாயிறு, பொழுதோட

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பேத்திக்குக் காதுகுத்து, வீடு நிறைய ஒறம்பரை. நேற்றுதான் எல்லோரும் கிளம்பினார்கள். கச்சாயம் ஒரு தூக்குப்போசி நிறைய மிஞ்சிக் கிடக்கிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் மிஞ்சியிருக்காது.

சரி, உன் படகு மோட்டார் இழுக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். தூத்துக்குடியில் இத்தனை மெக்கானிக் இருக்கும்போது, பம்ப்செட் கழட்டியே தலை நரைத்தவனிடம் போட் மோட்டாரைக் கேட்கிறாரே என்று வீட்டில் ஒரே சிரிப்பு. ஆனால் நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பவானிசாகர் அணை நிரம்பி, தண்ணீர் பின்னால் ஏறி லிங்காபுரம் பக்கம் பாலம் முங்கிக் கிடந்த சமயத்தில், இதே சீக்கோடு ஒரு மோட்டார் என் திண்ணைக்கு வந்தது.

பங்காளி ஒருத்தனுடைய படகு. 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், இருபது வருஷப் பழசு. அக்கரைக் கந்தவயலில் வெட்டிய வாழைத்தாரை இக்கரை சேர்ப்பதுதான் அதற்குச் சோலி. வெறும் படகென்றால் நன்றாகவே ஓடும். முப்பது தாரை ஏற்றிக் கைப்பிடியைத் திருகினால், மேட்டில் சிக்கிய பாரவண்டி மாதிரி முனகிக்கொண்டு நிற்கும்.

நீ 'இழுக்கவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். சத்தம் எப்படி என்று எழுதவில்லையே. சத்தம் மட்டும் எகிறிப் படகு நகரவில்லை என்றால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், தண்ணீருக்குள் சுழலும் விசிறியைப் பார். அதன் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் பழசானால் பிடிப்பு விட்டு வழுக்கும். உள் குழாயையும் வெளிப்பக்கத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு, லோடோடு ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து பார். கோடு விலகியிருந்தால் அதுதான் வியாதி.

எங்களுடையதில் சத்தமே ஏறவில்லை. பிளக்கைக் கழட்டினேன். ஒன்று காய்ந்து பழுப்பாக இருந்தது, இன்னொன்று நனைந்து கரியாக. ஆயில் கூட ஊற்றினால் எஞ்சினுக்குத் தெம்பு என்று எவனோ சொல்லி, பங்காளி லிட்டருக்கு 40 மில்லி கலந்திருக்கிறான். அந்த மோட்டாருக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லிதான். பிளக்கை மாற்றிக் கலவையைச் சரி செய்ததும் கொஞ்சம் தேறியது, ஆனாலும் முழுசாக இல்லை. சிலிண்டர் அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் 115, 110 பி.எஸ்.ஐ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததில் பாதி வெசனம் தீர்ந்தது. ஒன்று நன்றாக இறங்கியிருந்தால் ரிங்கோ பிஸ்டனோ என்று செலவு எங்கேயோ போயிருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கிறுக்குத்தனம். கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை ஊதி, மறுபடி மாட்டி இரண்டு நாளைத் தொலைத்தேன். பம்ப்செட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் முதலில் எங்கே போவோம்? குழாய் அடியில் இருக்கும் ஃபுட் வால்வுக்கும், காற்று இழுக்கிற ஜாயின்ட்டுக்கும். நாற்பது வருஷமாக நாலு பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன், பெட்ரோல் வருகிற வழியை மட்டும் மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் லோடை ஏற்றித் தண்ணீரிலேயே பார்த்தோம். டிரம்மில் வைத்து ஓட்டினால் இந்தச் சீக்கு தெரியாது, பாரம் இல்லையே. முழுசாகத் திருகிச் சத்தம் இறங்கும்போது, பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கு என்று பையனிடம் சொன்னேன். அமுக்க அமுக்க மோட்டார் உறுமி எழுந்தது, படகு மூக்கைத் தூக்கியது. விட்டால் மறுபடி சோர்ந்தது. அப்புறம் என்ன, பெட்ரோல் போதவில்லை என்பது வெளிச்சமாகிவிட்டது.

டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. குழாயில் வெடிப்பு இல்லை, ஃபில்டரும் சுத்தம். கடைசியில் பெட்ரோல் பம்பைத் திறந்தால், துணி மாதிரி மடங்க வேண்டிய டயாபிரம் என்கிற மெல்லிய சவ்வு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. வெயிலில் பிடித்தேன், ஓரத்தில் ஊசிமுனை வெளிச்சம். எஞ்சினின் கிரான்க் கேஸ் அறையில் மாறி மாறி வரும் அழுத்தத்தில் அந்தச் சவ்வு துடித்தால்தான் பெட்ரோல் ஏறும். விறைத்துப்போனால், ஏறுகிற பெட்ரோல் சும்மா ஓடும் ஐடிலுக்குப் போதும், பாரத்துக்குப் போதாது.

வயசு பாதி, இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பாதி என்பது என் கணக்கு. பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஈரத்தையும் இழுக்கும், ரொம்ப நாள் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். எத்தனால் கரும்பிலிருந்தும் வருகிறதே, சத்தியமங்கலத்துக் கரும்பு நம் டயாபிரத்தைத் தின்கிறது என்று பங்காளியிடம் சொன்னேன். அவனும் கரும்புதான் போட்டிருக்கிறான், சிரிக்கவில்லை.

நீயும் பல்பிலிருந்தே தொடங்கு. அமுக்கியும் எழவில்லை என்றால் எஞ்சின் மூடியைக் கழட்டி, ஒருத்தனைக் கைப்பிடியைத் திருகச் சொல்லி, கார்புரேட்டர் தகடு முழுசாகத் திறக்கிறதா என்று பார். கேபிள் தொய்ந்தால் முக்கால்தான் திறக்கும். ஓடும்போது பிளக் வயரை வெறுங்கையால் பிடுங்காதே, பழைய நினைப்பில் மொபெட் என்று நினைத்துவிடப் போகிறாய்.

பல்பை அமுக்கியபோது என்ன ஆச்சு என்று எழுது. ஆடிக்கு வருவதாக இருந்தால் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொண்டு வா, இங்கே கிடைப்பதில் மணமே இல்லை.

உன்
மாப்பிள்ளை