மெனாஜ்ஜியோ படகுத்துறைப் பாட்டிக்கும் நம் குழுவுக்கும்

கூட வந்த எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று பெல்லாஜியோ படகுத்துறையில் அம்மா என் கையை விட்டு வேறு படகில் ஏறி, தனியாக மெனாஜ்ஜியோ போய்விட்டார். அதை முழுதாகத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்களுக்கே தெரியும். அம்மா நன்றாக இருக்கிறார். காலையில் குளித்துவிட்டு வந்து காபி கேட்டார்.

இத்தாலியின் கோமோ ஏரியில் வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜ்ஜியோ மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கரைகள், படகில் கால்மணி நேரம்தான். ஆனால் பெல்லாஜியோவில் கார் ஏற்றும் படகுக்கு ஒரு துறை, ஆட்கள் மட்டும் போகும் படகுக்கு வேறு துறை. இனி பெரியவர்களைக் கூட்டிவருகிறவர்கள் தயவுசெய்து கையை விடாதீர்கள்.

மெனாஜ்ஜியோவில் இறங்கி ஓடினேன். அம்மா அழுதுகொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். பெஞ்சில் இரண்டு கைகளையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். கைகளில் நீலக் கம்பளி நூல் சிட்டம், வளையமாகச் சுற்றிய நூல்கட்டு. எதிரே எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி, நூலை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நூல் போகிற பக்கமெல்லாம் அம்மாவின் கை தானாகச் சாய்ந்து கொடுத்தது. அம்மா ஆரணியில் தறிவீட்டில் பிறந்தவர், சிட்டம் பிடித்தே வளர்ந்த கை. அது அந்தப் பாட்டிக்கு எப்படித் தெரியும்? நடுங்குகிற கைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். "அவங்க பாட்டுக்குப் பேசினாங்க, நானும் பேசினேன்" என்கிறார் அம்மா. அவருக்குத் தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது.

பாட்டியின் கையைப் பிடித்து "கிராத்சியே" (நன்றி) என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. பேர்கூடக் கேட்கவில்லை, படகு வந்துவிட்டது.

அக்கரைக்குப் போன் போட்ட படகு ஊழியர், பஸ்ஸை எடுக்காமல் காத்திருந்த டிரைவர், மாத்திரைப் பையோடு என் பின்னாலேயே ஓடிவந்த தம்பி, எல்லோருக்கும் நன்றி. திரானோவில் ஆல்ப்ஸ் மலையேறும் சிவப்பு ரயில் போய்விட்டது என்று தெரிந்தும் உங்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எத்தனை மாதம் அதற்காகக் காத்திருந்தீர்கள்! அடுத்த ரயிலிலும் ஜன்னலோர சீட்டை அம்மாவுக்குத்தான் கொடுத்தீர்கள். புருசியோ பாலத்தில் ரயில் வட்டமடித்து ஏறியபோது, "சிட்டம் மாதிரியே சுத்துது பாரு" என்றார். 2,253 மீட்டர் உயரத்தில், பெர்னினா கணவாயில், உங்களில் யாரோ போர்த்திவிட்ட சால்வைக்குள் தூங்கிப்போனார்.

காட்பாடி ஜங்ஷனில் வழி தெரியாமல் நிற்கிற எத்தனையோ பேரைக் கடந்து போயிருக்கிறேன். இனி போகமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பெஞ்சில் இருவரையும் யாராவது போட்டோ எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.